மூன்றாவது மடிப்பு

பொட்டலத்தை அவள் பிரிக்கவில்லை.

சுற்றிலும் எல்லாரும் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள். அவளையும் சேர்த்து, குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு முன்வரிசை. போதை ஒழிப்பு விழா என்றால் மீட்கப்பட்ட பிள்ளைகள் மேடைக்கு நேர் எதிரே உட்கார வேண்டும். போட்டோவுக்கு அதுதான் எடுப்பு.

மேடையோரம் போதை அரக்கன் நின்றான். தெர்மாகோலில் செய்தது. விசிறியைப் போட்டால் குப்புற விழுந்துவிடுகிறான் என்று எல்லா விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். அவன் நிற்பதற்காக முந்நூறு பேர் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழாவுக்கு வந்திருந்த தலைவரின் பட்டங்களை ஒருவர் மைக்கில் வாசித்தார். ஏழைகளின் ஏந்தல். இளைஞர்களின் இதயத்துடிப்பு. பட்டங்கள் தீர்ந்து பெயர் வருவதற்குள் இரண்டாம் வரிசையில் ஒரு குழந்தை தூங்கிப்போனது.

"இந்த மிக்சர்கூட கடையில வாங்குனதில்ல. அய்யா வீட்லயே போட்டு, அங்கயே பொட்டலம் மடிச்சு, அன்போட கொண்டாந்தது," என்றார் பட்டம் வாசித்தவர்.

கைதட்டல்.

அவள் பொட்டலத்தைத் திருப்பினாள்.

காகிதத்தின் வால் இடப்பக்கமாக உள்ளே போயிருந்தது. அதன்மேல் ஒரு மடிப்பு. அதன்மேல் இன்னொன்று. கடைசியாக, எதற்கும் தேவைப்படாத மூன்றாவது. நக அகலத்தில்.

அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான்.

பேச்சி.

மீட்கப்படுவதற்கு முன் அவளும் பேச்சியும் இருந்த வீட்டில் ஒன்பது பிள்ளைகள். சன்னல்களில் பலகை அடித்திருக்கும். விடிந்ததிலிருந்து கஞ்சாப் பொட்டலம் மடிக்க வேண்டும். ஒருநாள் பேச்சி மடித்தது பிரிந்து கொட்டிவிட்டது. காவலுக்கு இருந்தவன் பேச்சியின் வலது ஆள்காட்டி விரலை மெழுகுவத்தியில் பிடித்தான். மற்ற எட்டுப் பேரும் பார்க்க வேண்டும், ஆனால் கை நிற்கக் கூடாது என்றான்.

பார்த்தார்கள். கை நிற்கவில்லை.

அவளுடைய கையும்தான்.

அதன்பிறகு பேச்சி இடது கையால் மடித்தாள். வால் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம் போகும். பயத்தில் ஒரு மடிப்பு கூடும்.

போலீஸ் வருவதற்குச் சற்று முன்புதான், அன்று காலையில், பேச்சியை மட்டும் கூட்டிப்போனார்கள். பெரியவர் வீட்டு வேலைக்கு. முதலாளியை அங்கே பெரியவர் என்பார்கள்; ஒருவரும் பார்த்ததில்லை.

எட்டுப் பேர் மீட்பு என்று போலீசார் எழுதினார்கள். ஒன்பது என்றாள் அவள். எட்டுப் பேர்தானே நிற்கிறீர்கள், குழப்பாதே என்றார்கள்.

அதிலிருந்து பேச்சி கனவில் வருகிறாள். மடித்துக்கொண்டே இருக்கிறாள். முகம் இருக்காது. விரல் இருக்கும்.

நன்றியுரைக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

வார்டன் அம்மா எழுதி, பத்து நாள் மனப்பாடம் செய்யவைத்த நாலு வரி. நாலு வரியில் தலைவர் மூன்று தடவை தெய்வமாகிவிடுவார்.

"பயப்படாம பேசுத்தா," என்றாள் வார்டன் அம்மா.

மைக் அவளுக்கு எட்டவில்லை. தலைவரே எழுந்து வந்து இறக்கிவிட்டார். அந்த எளிமையை நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். அவர் கையில் சந்தனம் மணத்தது.

நாலு வரியும் அவளுக்கு நினைவில் இருந்தன.

பொட்டலத்தை உயர்த்திக் காட்டினாள்.

"இதை மடிச்ச புள்ளைக்கு விரல் ஆறிருச்சாய்யா?"

எந்தப் புள்ள, என்ன விரல் என்று கூடம் முழுக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். வார்டன் அம்மா கேட்டாள். பட்டம் வாசித்தவரும் கேட்டார்.

தலைவர் மட்டும் கேட்கவில்லை.

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். நிறுத்தியிருந்த விசிறியைப் போடச் சொன்னார்.