மூன்றாம் நிலைக் குற்றம்

ஓஹாயோ நீதிமன்ற வாசலில் ஒடெஸ்ஸா தன் மகன் மார்லனின் டையைச் சரிசெய்தாள்.

"ஏன்டா இப்படிப் பயப்படுற?"

"மூணாம் நிலைக் குற்றம்னா பெரிய குற்றம்மா. குற்றப் பதிவை அழிக்க முடியாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டா?"

"தண்டனைதான் முடிஞ்சு போச்சே. உள்ளே போய் முணுமுணுக்காம நிமிர்ந்து நின்னு பேசு."

உள்ளே நீதிபதி கேட்டார். "மனு போட்டது யாரு?"

ஒடெஸ்ஸா எழுந்தாள். "நான்தாங்க ஐயா."

"உங்க வக்கீல்?"

மார்லன் எழுந்தான். அவன் வாதாட வாதாட, அவள் முதுகு நிமிர்ந்தது.

குற்றப் பதிவை அழிக்கும் உத்தரவில் கையெழுத்திட்ட நீதிபதி, அவனைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"இதான் முதல் கேஸா, தம்பி?"

"ஆமாங்க ஐயா. அம்மாவைப் போலீஸ் ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கே இந்தக் கேஸை எடுத்துக்கிட்டேன். அப்ப எனக்கு ஆறு வயசு."