மேலே நல்ல வேர்

"மேலாக நல்ல வேரை அடுக்கு. உள்ளே மட்டமான தண்டைத் திணி. ரிப்பன் மட்டும் பளபளன்னு இருக்கட்டும்" என்றார் கடை முதலாளி பிஸேஸர்.

கடையில் வேலை பார்க்கும் வசிதி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையில் இருந்தது யங்கோனா, தீவில் எந்த நல்ல காரியத்துக்கும் கரைத்துக் குடிக்கிற வேர்.

"பாஸ், யங்கோனாக் கட்டு... பெரியவங்க முன்னால வெச்சு ஒண்ணு கேக்கறதுக்குன்னு கொண்டு போறது. அதுல போய்..."

"அங்கேயே பிரிச்சா பாக்கப்போறாங்க? தொட்டு, கையைத் தட்டி வாங்கிக்குவாங்க. அப்புறம் இடிச்சுக் கரைச்சுக் குடிக்கிறப்ப நான் கப்பல் ஏறியிருப்பேன். நீ கட்டு."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற மனிதர். அவரிடம் வாதாடி என்ன ஆகப்போகிறது? வசிதி தண்டை உள்ளே வைத்தாள், மேலே வேரை அடுக்கினாள், செய்தித்தாளில் சுற்றினாள்.

"எந்த ஊருக்கு பாஸ்?"

"வனுவா லெவு தீவு. நாவுலா கிராமம். சூறாவளியைக் கூட்டிட்டு வரப்போறேன்!"

வசிதியின் கை ஒரு நொடி நின்றது. பிறகு முடிச்சை இழுத்து இறுக்கினாள். சரக்கு போகிறதே என்று அவளுக்கும் கவலை போலிருக்கிறது என்று பிஸேஸர் மகிழ்ந்துகொண்டார்.

பலசரக்குக் கடை அவருக்குப் பிழைப்பு. ஊர்க் கால்பந்து கிளப்பின் தலைவர் பதவிதான் உயிர். கோப்பை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து வெகு காலம் ஆயிற்று. இந்த வருஷமும் வராவிட்டால் வேறு தலைவரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கமிட்டி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது.

"அண்ணே, வெளியூர் ஸ்டாருக்குக் கொட்டுற காசுல நம்ம பசங்களுக்கு ஒரு நல்ல கோச்சைப் போடலாமே. மைதானத்துல எத்தனை பேர் வெறுங்காலோட ஆடறானுங்க, பாக்கறீங்கள்ல?" என்றான் செயலாளர் ரொனீல்.

"விதை போட்டு, தண்ணி ஊத்தி, அது காய்க்கறதுக்குள்ள என் நாற்காலியை எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். எனக்குப் பழுத்த பழம் வேணும்டா!"

அந்தப் பழுத்த பழம்தான் சூறாவளி. வனுவா லெவு ஆட்டக்காரன் ஒருவனுக்கு வானொலி வர்ணனைக்காரர்கள் வைத்த பெயர். அவன் காலுக்குப் பந்து வந்தால் எதிரணி கோல்கீப்பர் சாமி கும்பிட ஆரம்பித்துவிடுவான்.

கடல் கடந்து பிஸேஸரும் ரொனீலும் நாவுலா போனார்கள். சூறாவளியின் மாமா வீட்டில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யங்கோனாக் கட்டை அவர் முன்னால் வைத்தார் பிஸேஸர்.

"உங்க பிள்ளையை எங்க கிளப்புக்குத் தரணும். வீடு தரேன், பைக் தரேன், கேப்டனாவே ஆக்கறேன்."

மாமா கட்டைத் தொடவில்லை. தொட்டால் சம்மதித்ததாகிவிடும்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவன் என் தங்கச்சி மகன். அவன் இங்க வந்து எதைக் கேட்டாலும் நாங்க எடுத்துக் கொடுக்கணும், அது எங்க வழக்கம். ஆனா அவனையே எடுத்துக் கொடுக்க எங்களுக்கு உரிமையில்லை. இதை அவன் அம்மா முன்னால வையுங்க."

"அவங்க எந்த ஊரு?"

"உங்க ஊருதான்."

"எங்க ஊரா?"

"அவனும் அங்கதானே வளர்ந்தான்! பூஞ்சை உடம்புன்னு உங்க கிளப்புல ஆடவிட்டுக்கூடப் பாக்கலையாம். அழுதுக்கிட்டே இங்க அனுப்பி வெச்சா. வசிதின்னு பேரு. ஏதோ பலசரக்குக் கடையில வேலை பாக்கறா."

ரொனீலுக்கு இருமல் வந்துவிட்டது.

பிஸேஸருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கல்லா ஓரம் ஒட்டிக்கொண்டு நின்ற ஒல்லிப் பையன். 'ஒரு தடவை ஆடவிட்டுப் பாருங்க பாஸ்' என்று கெஞ்சிய வசிதி. 'மரவள்ளிக்கிழங்கு தின்னு தேறி வரட்டும்' என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் தாம் சொன்ன பதில்.

"வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம் அண்ணே" என்றான் ரொனீல்.

"சும்மா வாடா. நம்ம வசிதிதானே! நான் பேசற பேச்சுல உருகிடுவா."

கப்பலில் வரும்போது அந்தப் பேச்சையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். துறையில் இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளக்க, சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் தரையில் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

வசிதியும் முறைப்படி எதிரே வந்து உட்கார்ந்தாள். மாமா தொடாத அதே கட்டை இரண்டு கையாலும் ஏந்தி அவள் முன் வைத்தார்.

"வசிதி, உன் பிள்ளை நம்ம மண்ணுல முளைச்ச பிள்ளை. அவன் வெளியூருக்கு ஆடலாமா? நம்ம பசங்களை நாமதான் வளர்க்கணும்னு எப்பவும் சொல்றவன் நான்! அவனைப் பெத்த தாய்க்கு என்கிட்ட இருக்கறதுலயே உசத்தியானதைக் கொண்டுவந்து வெச்சிருக்கேன். தொட்டு வாங்கிக்கோ."

அவள் கை மடியிலேயே இருந்தது. பேச்சு வேகத்தில் பிஸேஸர் இன்னும் ஒரு படி ஏறினார்.

"சந்தேகமா இருந்தா பிரிச்சே பாத்துக்கோ!"

வசிதி சிரித்தாள்.

"எதுக்கு பாஸ் பிரிக்கணும்? கட்டினதே நான்தானே."