டாட்ஜுக்கு டீசல் எஞ்சின்

“இதுல இருக்கிற எஞ்சினை எடுத்துட்டு டீசல் எஞ்சின் வைக்கணும்” என்றாள் பார்வதம்.

குமணன்சாவடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த கஜபதிக்கு அது புதிய வேலை இல்லை. பெட்ரோல் கட்டுப்படியாகாதவர்கள் அம்பாசடரையும் பியட்டையும் கொண்டுவந்து டீசலுக்கு மாற்றிக்கொண்டு போன காலம் அது. ஆனால் அவள் லாரியில் கட்டி இழுத்து வந்திருந்தது அவள் மகன் பாஸ்கரனின் கார்.

அந்தச் சிவப்பு டாட்ஜைப் பூந்தமல்லி ரோட்டில் தெரியாதவர்கள் கிடையாது. ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. கூரையை அறுத்து, உடம்பைத் தாழ்த்தி, எஞ்சினைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்து, மூன்று வருஷம் அதோடு கிடந்தான் பாஸ்கரன். போன மாதம் நசரத்பேட்டை தாண்டி ஒரு திருப்பத்தில் அந்தக் காரிலிருந்தே தூக்கி எறியப்பட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். வண்டிக்கு முன்பக்கம் நசுங்கியதோடு சரி.

“யாருக்கும்மா ஓட்ட? உனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியாதே?”

“தெனமும் வேலைக்குப் போய்வரத்தான். வேகம் மட்டும் போகக் கூடாது.”

“வேன் எஞ்சின் ஒண்ணு கீது. அத வெச்சா நாப்பது தாண்டறதுக்குள்ள முக்கி முனகும்.”

“அதையே வையுங்க.”

கஜபதி அவளை நிமிர்ந்து பார்த்தான். ஆவடியில், அவள் சீருடை தைக்கப் போகும் பேக்டரிக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடக்கிற தூரம்தான். ஆள் வைத்து வாடகைக்கு விடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

“பழைய எஞ்சினை நானே நல்ல விலைக்கு எடுத்துக்கறேம்மா.”

“வேணாம். சம்மட்டியால உடைச்சு இரும்புக்கடையில போட்டுடுங்க. முழுசா யார் கைக்கும் போகக் கூடாது.”

விஷயம் தெரிந்து மறுநாளே தங்கவேல் ஓடிவந்தான். பாஸ்கரனின் கூட்டாளி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். டாட்ஜில் பாதி சாமான் அவன் கடைந்து கொடுத்தது.

“அண்ணாத்தே, அந்த எஞ்சின எனக்குக் குடு. உன் கால்ல உழறேன்.”

“அந்தம்மா உடைக்கச் சொல்லிட்டாங்கப்பா.”

“அவன் உசிருய்யா அது. பெத்தவளுக்குத் தெரிய வேணாம்?”

கஜபதிக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் சொன்னபடி உடைத்தான். ஒவ்வொரு அடிக்கும் தங்கவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் வாசலில் குந்தி உட்கார்ந்து அழுதான்.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. வண்டியை எடுக்கப் பார்வதம் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். தங்கவேலும் வந்திருந்தான். அவள்தான் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

கஜபதி சாவியைத் திருப்பினான். எஞ்சின் கடகடவென்று தண்ணீர் பம்புசெட் மாதிரி அடித்துக்கொண்டது. கரும்புகை கிளம்பியது. ரோட்டில் போன ரெண்டு பேர் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

தங்கவேலுக்குத் தாங்கவில்லை.

“நல்லா கீதும்மா. அவன் செத்து ரெண்டு மாசம் ஆவல. அதுக்குள்ள அவன் கட்டுன வண்டிய மாட்டு வண்டி ஆக்கிட்ட. இனிமே சவாரி ஏத்திகினு சம்பாதி.”

“ஏய், வாய மூடு” என்றான் கஜபதி. சொன்னானே தவிர, அவனும் அதைத்தான் நினைத்திருந்தான்.

பார்வதம் மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து காரின் பானெட் மேல் வைத்தாள்.

“பேர் மாத்தற பாரம். வண்டி என் பேர்லதான் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். உன்னோடது மட்டும்தான் பாக்கி, தங்கவேலு.”

அவனுக்குப் புரியவில்லை. காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எனக்கா? எனக்கு இன்னாத்துக்கும்மா?”

“திருவேற்காட்டுல இருந்து அம்பத்தூருக்கு தெனமும் போய்வர. உன் வீட்டுக்காரி வனஜா வந்திருந்தா. நீ வேற ஒரு பழைய வண்டி பேசி முடிச்சுட்டியாமே. அதுல பாஸ்கரன் பேரை எழுதி, அவனை மாதிரியே வேகமா ஓட்டப் போறேன்னு சொன்னியாம். எட்டு மாச வயித்தோட நின்னு அழுதா அந்தப் பொண்ணு.”

தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

“வேகமா போகாதேன்னு அவன்கிட்ட மூணு வருஷம் சொன்னேன். கேக்கல. உன்கிட்ட சொன்னாலும் கேக்க மாட்டே. ஆனா அவன் கட்டுன வண்டிய விட்டுட்டு இன்னொண்ணைத் தொட உனக்கு மனசு வராதுன்னு தெரியும்.”

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கஜபதி எட்டி அதை நிறுத்தினான்.

தங்கவேல் காகிதத்தைத் தொடவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினான்.

“இது எனக்கு வேணாம்மா. வாங்கற யோக்கியத எனக்கு இல்ல. அன்னிக்கி அவன் சும்மாதான் வந்துகினு இருந்தான். நான்தான் பைக்குல பக்கத்துல போயி, முடிஞ்சா என்ன முந்திப் பாருன்னு சொன்னேன். இத யாருக்கும் சொல்லலம்மா.”

கஜபதி கையிலிருந்த துணியைக் கீழே போட்டான்.

பார்வதம் பேனாவைத் திறந்து அவன் விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினாள்.

“தெரியும்ப்பா. கண்ணை மூடறதுக்கு முன்னால அவனே சொல்லிட்டுத்தான் போனான். கையெழுத்தைப் போடு.”