யாருடைய ஸ்டாப்?

"பிரவீனை அனுப்பிடலாம். கீரமங்கலத்துக்காரரு இப்ப வந்துருவாரு. தப்பு செஞ்சவனை எடுத்தாச்சுன்னு சொன்னா அடங்கிருவாரு."

பெலிக்ஸ் சொன்னதும் தேவிப்ரியாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

வயல் மோட்டாரைப் போனிலேயே இயக்கும் மென்பொருள் செய்கிற, புதுக்கோட்டையின் அந்தச் சின்ன நிறுவனம் பெலிக்ஸுடையது; தேவிப்ரியாவும் பிரவீன்குமாரும் அங்கே நிரல் எழுதுகிறவர்கள். நேற்று பாத்தி நிறைந்த பிறகும் ஒரு மோட்டார் நிற்கவில்லை. விடிய விடிய ஓடி, கீரமங்கலத்தில் மூக்கன் என்பவரின் கனகாம்பரத் தோட்டத்தைக் குளமாக்கிவிட்டது.

பிரவீன்குமார் மூலையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். இந்த வேலை போனால், படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை விட்டுவிட்டு அவன் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

"அவன் எழுதுன கோடுல தப்பே இல்ல சார். தப்பு மேக்ரோவுல" என்றாள் தேவிப்ரியா.

கேட்ட இடத்தில் நிரலைத் தானே எழுதிப் போடும் அச்சுதான் மேக்ரோ. மோட்டார் கோப்பில் இருந்த அந்த மேக்ரோவில் வெறுமனே 'ஸ்டாப்' என்றிருந்தது. எந்தக் கோப்பின் ஸ்டாப் என்று இல்லை. பாத்தி நிறைந்ததும் சைரன் ஊதி, மோட்டாரும் நிற்க வேண்டும் என்று பிரவீன் அதைத் தன் சைரன் கோப்பில் பயன்படுத்தினான். அங்கேயும் ஒரு ஸ்டாப் உண்டு, சைரனை நிறுத்த. பாத்தி நிறைந்ததும் சைரன் வாயை மூடிக்கொண்டது. மோட்டார் பாட்டுக்கு ஓடியது.

"மோட்டாரோட ஸ்டாப்புன்னு முழுப் பேரா எழுதியிருந்தா, எந்தக் கோப்புக்குப் போனாலும் மோட்டார்தான் நின்னிருக்கும். மேக்ரோ எழுதுறவங்க பாக்க வேண்டியது சார் இது. எழுதுனது நீங்க."

பெலிக்ஸின் முகம் கறுத்தது.

"இருக்கட்டும்மா. மம்பட்டி பிடிக்கிறவருக்கு மேக்ரோ பாடமா நடத்த முடியும்? யாராச்சும் ஒருத்தன் போகணும், அம்புட்டுதான். பிரவீன் என்ன ஒன் மாமன் மகனா, இந்தக் குதி குதிக்கிறே?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. முழங்கால் வரை சேறு காய்ந்த கால்களோடு மூக்கன் உள்ளே வந்தார். பெலிக்ஸ் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மன்னிச்சுக்கங்கய்யா. தப்பா எழுதுன ஆளை வேலையை விட்டு எடுத்தாச்சு."

மூக்கன் உட்காரவில்லை.

"அப்ப நீங்க ஏன் தம்பி இன்னும் இங்கன நிக்கிறீங்க? காலையிலேயே எம் மக எல்லாத்தையும் வெளக்கிச் சொல்லிருச்சே" என்றவர், தேவிப்ரியாவின் பக்கம் திரும்பினார். "மேக்ரோ எழுதுனவரு இவருதானே ஆத்தா?"