பாதி விலை ஹீட்டர்

"இன்னும் ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் இருக்கே, அண்ணே?" என்று கேட்டாள், கைக்குழந்தையோடு குளியலறை வாசலில் நின்றவள்.

"ரெண்டே போதும்மா. சாயங்காலம் கழட்டப் போறதுக்கு எதுக்கு நாலு?" என்றார் பிளம்பர்.

அவளுக்கு முகம் வாடிவிட்டது. குடிவந்த நாளிலிருந்து ஹீட்டர் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். குழந்தை ஒரு பக்கம் கத்த, கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடை. போன வாரம்தான் காலில் கொட்டிக்கொண்டாள். இன்று காலையில் ஹீட்டர் வந்து இறங்கியதும், வீட்டுக்காரரை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள்.

"அப்ப இது எங்களுக்கு இல்லையா?"

"உங்களுக்கு எதுக்கும்மா?" என்றபடி மாடியிலிருந்து இறங்கி வந்தார் வீட்டுக்காரர். "இது எங்க மாப்பிள்ளை ரூமுக்கு. கரண்டு கம்மியா இழுக்கிற ஹீட்டர். கைக்குழந்தை இருக்கிற வாடகை வீட்ல மாட்டினா பாதி விலையை கவர்மெண்டே தருதாம். குழந்தைக்கு எங்க போறதுன்னு யோசிச்சேன். உன்கிட்டதான் ஒண்ணு சும்மா இருக்கே!"

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னிக்கு ஹீட்டரைப் பாக்க வர்ற கவர்மெண்ட் அதிகாரி கேட்டா எங்களுக்குத்தான்னு தலையாட்டு. வேற வீடு தேடுற நிலைமையில நீ இல்ல, பாத்துக்க."

அதிகாரி வந்தார். அந்த முகத்தில் கடுகைப் போட்டால் வெடிக்கும்.

"குழந்தை உன்னுதா? சர்டிபிகேட் எடு."

எடுத்துக் கொடுத்தாள்.

"கால்ல என்ன கட்டு?"

"வெந்நீர் கொட்டிடுச்சு சார்."

"பாத்து நடக்கத் தெரியாதா?"

இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். "அதப் பாத்துதான் சார் எனக்கு மனசே கேக்கல. கீழ்வீட்டுக் குழந்தை தும்மினா எனக்குத் தூக்கம் வராது."

"உங்களக் கேக்கல." அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "ஹீட்டர் உனக்குத்தானா?"

குனிந்தபடியே தலையாட்டினாள். காலில் கொட்டிய வெந்நீரைவிட அது அதிகமாகச் சுட்டது.

"நம்பர் எழுதணும். ஹீட்டர் வந்த பெட்டியக் கொண்டாங்க."

வீட்டுக்காரர் ஓடிப்போய், கசங்காமல் எடுத்து வைத்திருந்த அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அதன் பக்கவாட்டில் கடைக்காரர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'மாடி. மாப்பிள்ளை ரூம்.'

அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார்.

"அது... கடைக்காரன் ஏதோ கிறுக்கிட்டான் சார்," என்று வழிந்தார் வீட்டுக்காரர்.

போச்சு என்று நினைத்தாள் அவள். பாதி விலை கிடைக்காத கோபத்தை வீட்டுக்காரர் யார் மேல் காட்டுவார்? சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான்.

அதிகாரி பக்கம் பக்கமாக எதையோ எழுதினார். கடைசியில் தாளை நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க. அஞ்சு வருஷத்துக்கு ஹீட்டர் இந்தச் சுவரை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தா ரெண்டு மடங்கு அபராதம். இவங்களக் காலி பண்ணச் சொன்னாலும் அதே அபராதம். சொல்லாம கொள்ளாம வந்து பாப்போம்."

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "அஞ்சு வருஷமா? சார், மாப்பிள்ளை..."

"மாப்பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார். சௌக்கியமா இருக்காரு."

கையெழுத்துப் போட்டுவிட்டு, இழவு வீட்டிலிருந்து திரும்புகிறவர் மாதிரி மாடியேறினார்.

குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு அவள் ஹீட்டரையே பார்த்தாள். நம்பவே முடியவில்லை.

பிளம்பருக்கும்தான். தலையைச் சொறிந்தபடி அதிகாரியின் பின்னாலேயே வாசல்வரை போனார்.

"சார், இதுவரைக்கும் அம்பது வீட்ல மாட்டியிருக்கேன். இப்படி ஒரு சட்டம் இருக்கறதா நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

செருப்பை மாட்டிக்கொண்டே அதே கடுகடுத்த முகத்தோடு அதிகாரி சொன்னார்:

"நானும் இன்னைக்குத்தான்யா கேள்விப்படறேன்."