தம்பிக்குக் கசக்கும்

கிண்ணத்தில் இருந்த வேப்பிலை விழுது பக்கத்தில் கிடந்த ஈரத்துணியிடம் அலுத்துக்கொண்டது.

"கெட்ட பேரெல்லாம் எனக்குத்தான். ரெண்டு வயசு மகிழினி பால்குடியை மறக்கணும்னு அவ அம்மா என்னை மார்புல பூசிக்கிறா. பிள்ளை ஆசையா வாய் வச்சுட்டு, துப்பிட்டு அழுவுது."

"எனக்கு நல்ல பேர்தான்," என்றது துணி. "அவ தம்பி, அந்தப் பச்சைக் குழந்தைக்குப் பசிச்சா உன்னைத் துடைச்சு எடுத்துடுவேன். அவனுக்குக் கசப்பே தெரியாது."

"துடைக்கிறது மகிழினிக்குத் தெரியுமா?"

"அவகிட்ட யார் சொல்லுவா?"

தொட்டிலில் குழந்தை அழுதது. அம்மா துணியால் மார்பைத் துடைத்துக்கொண்டு அவனை மடியில் போட்டாள். பாயில் படுத்திருந்த மகிழினி பதறி ஓடிவந்தாள்.

"தம்பி, கசக்கும்! துப்பு, துப்பு!" என்று அவன் தலையைப் பிடித்து இழுத்தாள்.

முதுகில் ஓர் அடி விழுந்தது. "இத்துனூண்டு இருந்துகிட்டு எவ்வளவு பொறாமை பாரு!"

அழுதுகொண்டே சமையலறைக்கு ஓடியவள் கைநிறையச் சர்க்கரையோடு வந்து தம்பியின் வாயருகே நீட்டினாள். அதற்கும் அடி விழுந்தது. சர்க்கரை தரையெல்லாம் சிந்தியது. அம்மா ஈரத்துணியை எடுத்து அழுத்தித் துடைத்துக் கிண்ணத்தருகே எறிந்தாள்.

"இப்ப எதைத் துடைச்சே?" என்று கேட்டது விழுது.

சர்க்கரை ஒட்டிப் பிசுபிசுத்த துணி சுருண்டுகொண்டது.