மூன்றாவது மாஸ்க்

பரிசோதனைக் கட்டிலில் பஸ் டிரைவர் மல்லாந்து கிடக்கிறார். மூக்கின் மேல் மூன்றாவது மாஸ்க், பின்மண்டையைச் சுற்றி இறுக்கிய பட்டைகள், தலைமாட்டில், தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமலிருக்கக் குழாய் வழியே காற்றை ஊதிக்கொண்டிருக்கும் சின்ன மெஷின். ஜன்னல் திரையில் பகல் வெளிச்சம் அசையாமல் நிற்கிறது. "இது எப்படி சார் இருக்கு, அழுத்துதா?" என்கிறாள் மாஸ்க் மாட்டிவிடும் பெண். மூக்குத்தண்டு எரிகிறது. சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் புஸ்ஸென்று வருகிறது, பேச்சு வரமாட்டேன் என்கிறது. தூக்கத்தில் எந்தப் பக்கம் புரளுவார், வாய் திறந்திருக்குமா என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது அவர் மனைவிதான். பதினோரு வருஷமாக, தூக்கத்தில் அவர் மூச்சு நிற்கும்போதெல்லாம் இடித்து எழுப்புகிறவள். இப்போது மெஷினின் சீரான இரைச்சலில், தன் பக்கத்து நாற்காலியில் பெரிய பையை நிமிர்த்தி வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருக்கிறாள். அவள் தூங்கி இவர் பார்த்ததே இல்லை. "சரி சார், வேற ஒண்ணு பாக்கலாம்" என்று அந்தப் பெண் மெஷினை நிறுத்துகிறாள். அறை சட்டென்று அடங்குகிறது. மனைவியின் முழங்கை மெல்ல எழும்பி, பக்கத்திலிருக்கும் பையை இடிக்கிறது. கண் திறக்கவில்லை. "ஏங்க, மூச்சு விடுங்க." பட்டைகளுக்குள் மாட்டிய முகத்தோடு அவர், அவளுக்குக் கேட்கட்டும் என்று, முடிந்தமட்டும் சத்தமாக மூச்சை இழுத்து விடுகிறார். முழங்கை இன்னும் பலமாகப் பையை இடிக்கிறது.